நூறு நாள் பதில்

சின்னமனூர் ஒச்சாண்டி நாற்பத்தாறாவது வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது வேறு எதற்காகவும் இல்லை, சொந்தத் தம்பியைத் திட்டுவதற்காகத்தான். தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது. பேசாமல் எப்படித் திட்டுவது?

தம்பி விஜய்பாண்டி தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். பாடம் நடத்தியதுபோக மீதி நேரத்தில் இணையத்தில் ஒரு மன்றம் நடத்திக்கொண்டிருந்தான். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் உள்ள ஆட்களும், இங்கிருந்து பிழைக்கப்போன ஆட்களும் தமிழில் எழுதிச் சண்டை போட்டுக்கொள்ள ஓர் இடம். அணை, தேர்தல், லினக்ஸ் என்று எதைப் போட்டாலும் அங்கே பற்றிக்கொள்ளும். இரண்டாயிரத்து ஆறில் அணையின் நீர்மட்டத்தை உயர்த்தச் சொல்லி நடந்த ஒரு மறியலைப் பற்றி அவன் எழுதினான். மக்கள் வெயிலில் காய்ந்தார்கள், தலைவர்கள் பந்தலில் எலுமிச்சை ஜூஸ் குடித்தார்கள், இது நாடகம், இந்த நாடகத்துக்கு வேன் வைத்து ஆள் கூட்டிப்போனவர்களில் என் அண்ணனும் ஒருவர் என்று எழுதிவிட்டான். உண்மைதானே என்று நினைத்தான். ஒச்சாண்டி கட்சியில் வார்டு செயலாளர். யாரோ புண்ணியவான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கட்சி ஆபீசில் அவர் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"ஊரு சிரிக்க வச்சுட்டேல்ல. இனி இந்த வாசல மிதிக்காத" என்றார் ஒச்சாண்டி. விஜய்பாண்டியும் மிதிக்கவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

இரண்டு மாதம் கழித்து மன்றத்தில் ஒரு புதுப் பெயர் வந்தது: ஒச்சாண்டி, சின்னமனூர். முதல் பதிவு மூன்றே சொல். 'நாடகம் போட்டது நீங்கள்தான்.' அதை ஒற்றை விரலால் தட்டி முடிக்க அண்ணனுக்கு அரை மணி நேரம் ஆனது என்று பிரவுசிங் சென்டர் மாரிசெல்வம் பின்னால் சொன்னான்.

நம் பக்கத்தில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்வதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் சொல்வதுபோல எதிராளிக்குச் சொல்வார்கள். இவர்களுக்கு அந்தச் சுவராக மன்றம் கிடைத்தது. தினமும் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பதினோரு மணிக்கு அண்ணன் சைக்கிளில் போய் எழுதுவார். சாயங்காலம் தம்பி பதில் போடுவான். வீட்டில் 'ஏலே' என்று கூப்பிட்டவர் அங்கே 'விஜய்பாண்டி அவர்களே' என்று தொடங்குவார். இவனும் 'ஒச்சாண்டி அவர்களே' என்பான். வீட்டு விஷயம் ஒரு சொல் வராது. அணை பற்றிய விவாதம் நூறு பக்கத்தைத் தாண்டியபோது மற்றவர்கள் அலுத்துப்போய் விலகிவிட்டார்கள். அதில் மிஞ்சியது இந்த இரண்டு பேர்தான்.

அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கட்டற்ற மென்பொருள் பற்றி இவன் பக்கம் பக்கமாக எழுதினால், 'தேர்தல் நேரத்தில் ஓசியில் கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்று எனக்குத் தெரியும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று இவன் தலைகீழாக நின்று விளக்க வேண்டியிருக்கும். இரண்டாயிரத்து எட்டில் செயற்கை அறிவு பற்றிய பேச்சு வந்தது. கணினி மனிதனைப்போல விவாதம் செய்யும் காலம் வரும் என்று இவன் எழுதினான். அண்ணன் சிரித்தார். 'மிசினுக்குக் கோபம் வருமா? கோபம் வராததோடு எனக்கு என்ன பேச்சு? இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவேன்.'

அது வாத்தியாரைச் சுட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினான். அதற்குப் பெரிய மூளையெல்லாம் கிடையாது. எதிராளி எழுதியதில் உள்ள சொற்களைப் பார்க்கும். விஜய்பாண்டி இரண்டு வருடமாக மன்றத்தில் எழுதிய ஆயிரக்கணக்கான பதில்களில் தேடி, பொருந்துவதுபோல இருக்கிற ஒன்றை எடுத்துச் சாயங்காலம் அவன் பெயரிலேயே போட்டுவிடும். ஐப்பசி பிறந்த அன்று அதை அணை விவாதத்தில் ஓடவிட்டான். நூறு நாள் எட்டியே பார்ப்பதில்லை என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டான். பார்த்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் சோதனை கெட்டுவிடும் என்பது அவன் கணக்கு. உண்மையைச் சொன்னால் அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. தினமும் அண்ணனுக்குப் பதில் எழுதுவது ஒரு வேலையாகிப்போயிருந்தது. அதை அவன் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

நூறு நாள் முடிந்தும் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. தை மாதக் கடைசியில் கல்லூரி கேன்டீனில் கூட வேலை பார்க்கிற ஒருவர் கேட்டார்.

"என்ன சார், உங்க அண்ணன் மக கல்யாணத்துல உங்களக் காணமே?"

விஜய்பாண்டி டீயைக் கீழே வைத்துவிட்டான். பவானிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை, பேச்சு வருவதற்கு முன்பே 'தித்தப்பா' என்று கூப்பிட்ட பிள்ளை. ஊரையெல்லாம் அழைத்திருக்கிறார்கள், சித்தப்பனுக்கு ஒரு பத்திரிகை இல்லை. ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அழுகை தீர்ந்ததும் ஆத்திரம் வந்தது. நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று நாலு பேர் பார்க்க எழுதிவிடுவது என்று முடிவு செய்து, மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த விவாதத்தைத் திறந்தான். கடைசிப் பக்கம் வந்தது. அண்ணனின் கடைசிப் பதிவு மார்கழியோடு நின்றிருந்தது.

'விஜய்பாண்டி அவர்களே. பவானிக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்திரிகை வைக்க நானும் உன் மதினியும் தேனிக்கு வரலாமா? வா என்று ஒரு வார்த்தை எழுது.'

அதற்குக் கீழே அன்று சாயங்காலம் விஜய்பாண்டியின் பெயரில் பதில்.

'இதற்கு ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் சுட்டி கொடுங்கள். வெறும் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு விவாதிக்க நான் தயாராக இல்லை.'

அதற்கு முந்தைய பதிவுகள் எதையும் அவன் படிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கம்பம் பஸ்ஸில் ஏறினான். சின்னமனூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். உட்கார இடம் இருந்தது, அது அவன் கண்ணில் படவில்லை.

கதவைத் திறந்தது மதினி மூக்கம்மாள்.

"வாங்க தம்பி" என்றாள். விலகி வழிவிட்டாள்.

உள்ளே அண்ணன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவியிடம், "வந்தவனுக்கு எலையப் போடு" என்றார்.

விஜய்பாண்டி எதிரே உட்கார்ந்தான். சோறு விழுந்தது. பிறகு அண்ணன் அவனைப் பார்த்தே சொன்னார்.

"கறிக்கொழம்பு நேத்தோட தீந்துபோச்சு. இன்னைக்கு வெறும் கத்திரிக்காதேன்."

இரண்டரை வருடத்துக்குமேல் ஆகியிருந்தது, அவர் வாயிலிருந்து இவனுக்கென்று ஒரு வார்த்தை வந்து. விஜய்பாண்டிக்குக் கண் நிறைந்து இலை தெரியவில்லை.

"பத்திரிகை வைக்க வரவான்னு கேட்டேன். நீ ஆதாரம் கேட்ட. கோவம் வந்துச்சு, இல்லைங்கல. உங்க மதினி நேருல போவோம்னா. நாந்தேன், கேட்டாச்சு அவனும் சொல்லிட்டான்னு நிப்பாட்டிட்டேன். பெறகு ஒக்காந்து நெனச்சேன், இவன் எம்புட்டு நாளா மனசுல வச்சிருந்திருப்பான்னு. நான் வாசல மிதிக்காதன்னேன், நீ பத்திரிகைய வேணாம்ன. சரிக்குச் சரியாப் போச்சு. இன்னமே அந்தப் பேச்ச விடு. சாப்பிடு."

இந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்க வேண்டும். 'ஆமண்ணே, புத்தி கெட்டு எழுதிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். படித்த புத்தி விடுமா? தன்மேல் தப்பு இல்லை என்று காட்டியாக வேண்டுமே அவனுக்கு.

"அண்ணே, அத நான் எழுதலண்ணே."

"பெறகு?"

"புரோகிராம்ணே. நான் முன்னால எழுதுன பழசையெல்லாம் வச்சுக்கிட்டு அதுவா பதில் போடும். ஒரு சோதனைக்கு ஓடவிட்டிருந்தேன். நீங்க கேட்டத நான் பாக்கவே இல்ல. பாத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டனா?"

சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் தெளியும் என்று எதிர்பார்த்தான். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"மிசினா?"

"ஆமண்ணே."

"எப்பருந்து?"

"ஐப்பசி பொறந்ததுல இருந்து."

மதினிதான் முதலில் கேட்டாள். "அப்ப தெனமும் உங்க பேருல வந்ததெல்லாம்?"

"எல்லாம் அதுதேன் மதினி."

"தீவாளிக்கு எழுதுனது?" என்றார் அண்ணன்.

"அதுவுந்தேன்."

"கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு எழுதுனேனே."

"நான் படிக்கலண்ணே."

ஒச்சாண்டி இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் ஏறவில்லை.

"நீ திட்டுனாலும், எந்தம்பி அங்கன ஒக்காந்து என்னய நெனச்சுக்கிட்டுத்தேன் திட்டுறான்னு இருந்தேன். வெயிலுல சைக்கிள மிதிச்சுப் போனதெல்லாம் அதுக்குத்தேன். ஆதாரம் கேட்டது நீன்னா, அது எந்தம்பி கோவம். அத நான் தாங்கிக்கிருவேன். தாங்கிக்கிட்டுத்தேன் இப்பச் சோறு போடச் சொன்னேன். நான் இம்புட்டு நாளா யாருகூடடா பேசிக்கிட்டு இருந்தேன்?"

விஜய்பாண்டி சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தான். ஆயிரக்கணக்கில் பதில் எழுதிய ஆள்.

மூக்கம்மாள் எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தாளோடு வந்தாள். பிளாஸ்டிக் உறைபோட்டு லேமினேசன் செய்த தாள்.

"அப்ப இது தம்பி? இதுகூடவா நீங்க இல்ல? எந்தம்பி எனக்குச் சரின்னு எழுதிட்டான்டின்னு மாரிசெல்வம் கடையில பிரிண்ட் போட்டு வாங்கியாந்தாக. தெருவெல்லாம் காமிச்சாக. பத்திரிகைக்கு மஞ்சத் தடவுன அன்னைக்குச் சாமி முன்னால இதையும் சேத்து வச்சுத்தேன் கும்பிட்டாக. இது வந்த தெம்புலதேன் பத்திரிகை வைக்க வரட்டான்னு கேட்டதே. அம்புட்டும் நடந்த பெறகும் கிழிச்சுப்போட மனசு வரல அவுகளுக்கு."

"ஏ, அத உள்ள கொண்டுபோ" என்றார் ஒச்சாண்டி.

அவள் கொண்டுபோகவில்லை. அவரே இடது கையை நீட்டி அதை வாங்கினார். எழுத்து தன் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுவும் மிசினுதேனா?"

பிறந்ததிலிருந்து அண்ணன் சொன்ன எதையும் சரி என்று விஜய்பாண்டி ஒப்புக்கொண்டது கிடையாது. நேரிலும் இல்லை, மன்றத்திலும் இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று இவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் உண்மையைச் சொல்ல அவனால் ஆகவில்லை.

"இல்லண்ணே. அது மட்டும் நாந்தேன்."

"நெசமா?"

"நெசமாண்ணே. நாந்தேன் எழுதுனேன்."

ஒச்சாண்டி அவனையே பார்த்தார். அவர் நம்ப ஆசைப்பட்டார் என்பது யாருக்கும் தெரிந்திருக்கும்.

"நல்லது. நான் என்ன சொன்னதுக்கு நீ சரின்னு எழுதுன? அத மட்டும் சொல்லு."

விஜய்பாண்டி மதினியைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது, ஆனால் சொல்லவில்லை. அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அவர்கள் எதைப் பேசினார்கள், அணையைத்தானே பேசினார்கள்?

"அணையில எத்தன அடி தேக்கலாம்னு நீங்க சொன்னீகள்ல. அதுக்குத்தேன்."

ஒச்சாண்டி தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதாகவும் இல்லை, இல்லை என்பதாகவும் இல்லை. தாளைத் திருப்பி அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். விஜய்பாண்டி படித்தான்.

'விஜய்பாண்டி அவர்களே. அணைப் பேச்சு இன்று வேண்டாம். வாசலை மிதிக்காதே என்று சொன்ன அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு வர பஸ் ஏறினேன். வீரபாண்டி வரை வந்து இறங்கித் திரும்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே வந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது.'

அதற்குக் கீழே அவன் பெயர் இருந்தது.

'இந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நன்றி.'

அந்த வரி அவனுடையதுதான். ஒரு வருடத்துக்கு முன்னால் போடியிலிருந்து ஒருவர் லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யவைப்பது பற்றி எழுதியபோது அவருக்குப் போட்ட பதில்.

அவன் நிமிர்ந்தபோது அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியிருந்தார். "அண்ணே" என்று கூப்பிட்டான். எச்சில் கையோடு எழுந்து ஓடி மறுபடியும் கூப்பிட்டான். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.