ஐஸ்காரி போகவிடாத கோடை

அந்தத் தெருவில் ஒரு கோடை இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. பக்கத்துத் தெருக்களில் மழை வந்தது, குளிர் வந்தது, இரண்டும் போய் மறுபடியும் மழை வந்தது. இந்தத் தெருவில் வெயில் அசையவில்லை. குடை பிடித்து வந்தவர்கள் தெருமுனையில் அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். தபால்காரர் தன் மழைக்கோட்டை முனை வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வருவார், திரும்பும்போது எடுத்துப் போட்டுக்கொள்வார். கோடு கிழித்து நிறுத்தியது போல மழை முனையோடு நின்றது. ஏதோ ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், ஐஸ் வாங்கிச் சப்பினார்கள், போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐஸ்காரி சீட்டு எடுக்க வரவில்லை, அதுதான்.

குறி பார்க்கிற படங்கள் போட்ட டாரட் சீட்டுக் கட்டு அந்தத் தெருவுக்கு வந்தது ஒரு நர்ஸால். மாடியில் குடியிருந்த அவள் மாற்றலாகிப் போகும்போது கட்டை பம்ப் ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இருந்த காலத்தில் ஒவ்வொரு பருவம் முடியும்போதும் தெருவில் உள்ளவர்களைத் தண்ணீர் பம்ப் அறையில் உட்காரவைத்து ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொல்வாள். குறி சொல்கிறாளாக்கும் என்று முதலில் ஆவலாகப் போனவர்கள் ஏமாந்தார்கள். "நாளைக்கு என்ன நடக்கும்னு இது சொல்லாது. இன்னைக்கு நீங்க எப்படி இருக்கீங்கன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். எடுத்தவர் படத்தைப் பார்த்து அதில் தன்னை எங்கே காண்கிறார் என்று சொல்லவேண்டும், போகிற காலத்தோடு தன்னிடமிருந்து எதை அனுப்புகிறார் என்றும் சொல்லவேண்டும். ஒருவர் சீட்டுக்கு இன்னொருவர் அர்த்தம் சொல்லக்கூடாது. படுக்கையில் கிடப்பவரைத் தவிர பெரியவர்கள் எல்லோரும் வரவேண்டும், தன் கையாலேயே எடுக்கவேண்டும். கடைசி ஆள் பேசி முடித்த அன்று மாலைக்குள் காலம் மாறியது. தற்செயல் என்றார்கள். சில வருடம் கழித்து அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சீட்டுக்கு அறிவு உண்டு என்று யாரும் நம்பவில்லை. அது காகிதம். ஆனாலும் ஓடுகிற பம்பை ஏன் ஓடுகிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சீட்டில் அச்சடித்திருந்த பெயர்களைப் படிக்கத் தெரியாததால் தெரு தன் வாய்க்கு வந்த பெயர்களை வைத்தது. மரத்தில் கால் கட்டித் தொங்குகிறவன் தலைகீழ் ஆள். லாந்தர் பிடித்தவன் விளக்குக் கிழவன். கோப்பைகள் கவிழ்ந்து கிடக்க, முக்காடு போட்டுக் குனிந்து நிற்பவளின் சீட்டு கொட்டின கோப்பை. வெள்ளைக் குதிரையில் எலும்பன் வருகிற சீட்டை மட்டும் "அவரு" என்றார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஐஸ்காரி தெரு நடுவில் சின்ன ஐஸ் ஃபாக்டரி வைத்திருந்தாள். ஆள் உயர ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து வாளால் அறுத்துக் கொடுப்பாள். அவள் புருஷன் வெல்டிங்காரர். அந்தத் தெருவில் உள்ள கேட்டும் கிராதியும் அவர் கைதான். புகை நெஞ்சில் இறங்கி, ஒரு கோடை தொடக்கத்தில் படுத்தார். டாக்டர் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, "மழையப் பாக்கமாட்டாரும்மா, மனச தேத்திக்கோங்க" என்றார். டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. ஐஸ்காரியோ யார் சொன்ன சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்கிறவள். மழை வந்தால் போய்விடுவார், வராவிட்டால் போகமாட்டார் என்று அவளுக்குப் பட்டது. மழை எதனால் வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கோடை முடிகிற நாளில் பம்ப் ஆபரேட்டர் கூப்பிடப் போனார்.

"சீட்டு எடுக்கற நாளு. எல்லாரும் வந்தாச்சு, வாங்க."

"இந்தத் தடவ நான் வரல."

"உடம்பு சரியில்லையா?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"பின்ன என்ன?"

"வரலன்னா வரல. ஐஸ் வேணும்னா சொல்லுங்க. இல்லன்னா தள்ளி நில்லுங்க, வாசல மறைக்காதீங்க."

அன்று மாலை காலம் மாறவில்லை. மறுநாளும் இல்லை. மற்ற தெருக்களில் மழை இறங்கியபோது விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. கிணறு சேறானது. இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி போடாமலே துணி தேய்த்தார், வெயிலில் வைத்தால் பெட்டி காய்ந்துவிடும். கோழிகள் அவிந்த முட்டை இட்டன, யாரும் ஆச்சரியப்படவில்லை, உரித்துத் தின்றார்கள். வெல்டிங்காரருக்கோ நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதாமாதம் வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலேயே நிற்கிறது என்றார்.

குழாயடியில் ஒரு நாள் சண்டை மூண்டது. டைப்பிஸ்ட் அம்மா குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். "ஒரு ஆளுக்காக ஒரு தெருவே வேகணுமா?"

"வேகட்டும்" என்றாள் ஐஸ்காரி. "வெந்தா நீங்க செத்துடமாட்டீங்க. மழை வந்தா எங்க வீட்டுக்காரரு செத்துடுவாரு."

"எங்க வீட்ல நாங்க தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"எங்க வீட்ல ஒரு ஆளு மூச்சு விட்டுட்டிருக்காரு. அது நிக்குதா ஓடுதான்னு கேட்டுட்டே இருக்கறவ நான். தூக்கத்தப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

டைப்பிஸ்ட் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சலூன்காரர் சாமர்த்தியசாலி. யாருக்கும் தெரியாமல் ஐஸ்காரி பேரைச் சொல்லித் தானே ஒரு சீட்டு எடுத்தார். மழை வந்தது, அவருடைய சலூனுக்குள் மட்டும். கூரைக்குக் கீழிருந்து பெய்தது. வந்தவர்கள் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஷேவ் செய்துகொண்டார்கள். "தண்ணி அடிக்கற வேல மிச்சம்" என்று கேலி பேசினார்கள். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார், மழையும் கூடவே போனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட ஐஸ்காரி வாசலில் போய் நின்றார். அவள் ஒரு துண்டை எடுத்து எறிந்தாள். "அடுத்தவ மனசுக்குள்ள கைய விட்டா நனையத்தான் வேணும். தலைய தொவட்டுங்க" என்றாள். அவர் துவட்டி முடிப்பதற்குள் மழை நின்றது.

அதற்குப் பிறகும் பம்ப் அறையில் பருவம் தவறாமல் உட்கார்ந்தார்கள். ஐஸ்காரியின் நாற்காலியைக் காலியாக விட்டார்கள். வெளியே எதுவும் மாறாது என்று தெரிந்தும் ஏன் உட்கார்ந்தார்கள் என்றால், பழக்கம். அப்படி ஒரு தடவை முதலில் எடுத்த இஸ்திரிக்காரருக்குத் தலைகீழ் ஆள் வந்தது. அதைக் கீழே வைத்தார். அடுத்து எடுத்தவருக்கும் அதே சீட்டு. சீட்டுக் கட்டில் அப்படி ஒன்றுதான் உண்டு, ஆனாலும் வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் தலைகீழ் ஆள் தொங்கிக்கொண்டிருந்தான், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல். கடைசியில் டைப்பிஸ்ட் அம்மாதான், "எங்க வீட்டு ஆளா இருந்தா நானும் வந்திருக்கமாட்டேன். அந்தக் கோவத்த அனுப்பறேன்" என்றாள். அன்றிலிருந்து ஐஸ்காரியை யாரும் கூப்பிடவில்லை, ஏசவுமில்லை. அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். கோடை அந்தத் தெருவின் பாடாகிவிட்டது.

ஒருத்திக்கு மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெல்டிங்காரரின் தங்கை இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கோடை தொடங்கிய மாதத்தில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைக்கு வெயில்தான் தெரியும். உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகி, ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. ஊரைவிட்டுக் கொஞ்ச நாள் போகலாமே என்றால் அண்ணனை விட்டுப் போக மனம் வரவில்லை. பம்ப் அறையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் சாகணும்னு வேண்டவா, பிள்ள வேகணும்னு வேண்டவா?" என்று கேட்டாள். அங்கே பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

வெல்டிங்காரருக்கு இது ஒன்றும் தெரியாது. ஐஸ் வைக்கிற பின்னறையில் கிடந்தார். சூடு புகாமல் ஜன்னல்களைச் சாக்கும் மரத்தூளும் வைத்து அடைத்திருந்தாள். இருட்டில் நாள் தெரியவில்லை. குழந்தைகளை உள்ளே விடவேண்டாம், ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று அவள் சொல்லியிருந்ததால், பிறந்த புதிதில் துணியில் சுற்றிக் காட்டியதோடு சரி. தங்கை வரும்போதெல்லாம் குழந்தை எங்கே என்பார். "தூங்குதுண்ணே" என்பாள்.

ஒரு மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, தங்கை அதையும் தூக்கிக்கொண்டு ஐஸ் வாங்க ஓடிவந்தாள். ஐஸ்காரி பாரை அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, வாசலில் தொங்கிய சாக்கை விலக்கிப் பின்னறைக்குள் போய் நின்று, "மாமா, ஐஸ்" என்றது.

தங்கை பின்னாலேயே ஓடிவந்தாள். வெல்டிங்காரர் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார்.

"யாரு இது?"

"நம்ம பாப்பாதாண்ணே."

"எந்தப் பாப்பா?"

"நான் பெத்ததுதான்."

"எப்பக் கேட்டாலும் தூங்குதுன்னியே. தூங்கித் தூங்கியே இவ்வளவு வளந்துடுச்சா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் குழந்தையின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். பொறி பட்ட தோல் எப்படி இருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"வெளிய என்ன காலம்?"

"கோடைங்க."

"எந்தக் கோடை?"

"அதேதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் வரை அவர் அடைத்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "என்னையும் ஐஸ் பாரு மாதிரி மரத்தூள்ல பொதச்சு வெச்சிட்டியேடி" என்றார்.

"எடுத்தா உருகிடுவீங்களே."

"உருகாத ஐஸ யாருடி வாங்குவா? போய் அந்தப் பம்ப்பு ஆளக் கூட்டிட்டு வா. நானும் வரேன், நீயும் வா."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் அடைத்த ஜன்னலையும் மீறிக் கேட்டது. அவள் கொக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

சலூன்காரரும் பம்ப் ஆபரேட்டரும் அவரை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். போகும் வழியில் தான் அடித்த கேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, துரு ஏறியதற்குத் திட்டிக்கொண்டே வந்தார். பம்ப் அறையில் எல்லோரும் எடுத்தார்கள், பேசினார்கள். அவருக்கு வந்தது சூரியன். வெயிலில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம். "இந்த மூஞ்சிய இப்பத்தான் பாத்தேன்" என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, "சாவுக்கு பயமில்ல, பயமில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். பொய்யி. ரொம்ப பயம். அந்தப் பொய்ய அனுப்பறேன். பயம் இருக்கட்டும், பரவால்ல" என்றார்.

கடைசியாக ஐஸ்காரி எடுத்தாள். எல்லோரும் "அவரு" வருவார் என்று நினைத்தார்கள். வந்தது கொட்டின கோப்பை. முக்காடு போட்டவளை அவள் வெகுநேரம் பார்த்தாள். படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இரண்டு கோப்பை கவிழாமல் நிற்கும். அவள் அவற்றைப் பார்க்காமல் குனிந்து நிற்பாள்.

"ஜன்னல அடச்சே வெச்சிருந்தேன்" என்றாள் ஐஸ்காரி. "பக்கத்துலயேதான் இருந்தேன். மூச்சு சத்தத்தக் கேட்டுட்டிருந்தேனே தவிர, இத்தன நாளும் அவர் மூஞ்சிய வெளிச்சத்துல நான் பாக்கல. இன்னைக்குத்தான் வழியில பாத்தேன். மீசை நரைச்சுப்போச்சு." சீட்டைக் கீழே வைத்தாள். "அடச்ச ஜன்னல அனுப்பறேன். அவர அனுப்பல. அத யாரும் எங்கிட்ட கேக்கக்கூடாது."

பம்ப் ஆபரேட்டர் சீட்டுகளைச் சேர்த்துக் கட்டினார்.

மாலைக்கு முன்பே மழை தெருமுனையில் தான் நின்ற கோட்டைத் தாண்டி நடந்து வந்தது, வீடு வீடாக. வெல்டிங்காரர் உள்ளே போக மறுத்து, ஐஸ் கடை முன்னால் திறந்த வெளியில் நாற்காலியைப் போடச் சொன்னார். தெரு முழுவதும் நனைந்தது. குழந்தை அதற்குமுன் மழையைக் கண்டதில்லை, முதலில் அலறி அழுதது, பிறகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் நாற்காலியின் மேலும் அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கும் ஒரு சொட்டு விழவில்லை. "தெருவுக்கே பெய்யுது, எனக்கு மட்டும் இல்லையா?" என்று அவருக்குக் கோபம் வந்தது. கையை நீட்டி, பாய் அகலத்துக்கு அப்பால் பெய்கிற மழையில் விரல்களை நனைத்துக்கொண்டார். "அந்த டாக்டர் வந்தா சொல்லு, பாத்துட்டேன்னு" என்றார். ஐஸ்காரி பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மழை விட்ட ஒரு காலையில், திறந்த ஜன்னலுக்குக் கீழே அவர் இறந்தார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் காலங்கள் ஒழுங்காக வருகின்றன. சீட்டு எடுக்கிற நாளில் பம்ப் அறைக்கு முதலில் வந்து உட்காருவது ஐஸ்காரிதான். கடை முன்னால் அந்தப் பாய் அகல இடம் மட்டும் இன்றுவரை நனைவதில்லை, எந்த மழைக்கும் அங்கே கோடைதான். அவள் அதன் மேல் ஒரு துணிக்கொடி கட்டிவிட்டாள். மழைக்காலத்தில் தெருவில் உள்ளவர்கள் துணியை அங்கே கொண்டுவந்து காயப்போடுகிறார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுத் துணிக்கு முதல் இடம். மற்றவர்கள் காத்திருக்கவேண்டும்.