மடங்காத விரல்

சின்னவளுக்கு வேலை, தேடுபொறிக்கு மார்க் போடுவது. யாரோ எங்கோ உட்கார்ந்து கேட்ட கேள்வி அவள் திரையில் வரும். கேட்டவர் பேர் இருக்காது, ஊர் இருக்காது. அவருக்கு உண்மையில் என்ன வேண்டும், கிடைத்த பதில் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கேள்வியை மூன்று பேர் பார்ப்பார்கள். இரண்டு பேர் சொல்வது எடுபடும், மூன்றாமவர் சொல்வது குப்பைக்குப் போகும்.

சேர்ந்த புதிதில் அந்த மாடியில் சிரிப்புக்குக் குறைவில்லை. 'மாமியார் வாயை அடைக்க என்ன வழி' என்று ஒரு பாவப்பட்ட ஜென்மம் கேட்டால், தேடுபொறி ஓட்டை அடைக்கும் சிமென்ட்டைக் காட்டும். கொஞ்ச நாளில் அதே கேள்விக்கு, தனிக்குடித்தனத்துக்கு ஏற்ற வாடகை வீடுகளைக் காட்டியது. அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மேற்பார்வையாளருக்கு அங்கே வாத்தியார் என்று பட்டப்பெயர். தேடுபொறியைப் 'புள்ள' என்பார். பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அந்த மனுஷன் அத்தனை பெருமை பேசி யாரும் கேட்டதில்லை.

"நம்ம மார்க் எல்லாம் கொஞ்சம்தாம்மா. ஜனங்க கெடைக்கலன்னு வார்த்தைய மாத்தி மாத்திக் கேட்டு, கடைசியில ஒரு பக்கத்துல போய் நிக்கிறாங்க பாருங்க, அதப் பாத்துத்தான் புள்ள கத்துக்குது. அடுத்து வர்றவனுக்கு அலைச்சலே இல்ல."

ஒரு நாள் காலை இந்தக் கேள்வி வந்தது:

'ஒரு பொம்பள. பேர மாத்தியிருப்பா. கேக் மேல க்ரீம்ல பூ போடுவா. வலது கையில நடுவிரல் மடங்காது. கோவமெல்லாம் இல்ல, கூட்டிட்டு வரணும், அவ்வளவுதான். எங்க இருக்கா?'

அந்த விரலைச் சின்னவளுக்குத் தெரியும், அவள் அக்காவுடையது. விரலை முறித்தவன் யார் என்பதை மட்டும் கேள்வியில் காணோம். அவனை ஒரு காலத்தில் அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் அவள். அக்கா வீட்டைவிட்டுப் போனபோது எந்த ஊர் என்று கூடப்பிறந்தவளிடமும் சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்சா உன்னை அடிச்சுக் கேப்பான்டி" என்று கட்டிக்கொண்டு அழுதாள், போய்விட்டாள். எப்போதாவது தெரியாத நம்பரிலிருந்து "நல்லா இருக்கேன்" என்று ஒரு குரல் வரும், உடனே அறுந்துவிடும்.

திரையில் பதில்களைப் பார்த்தாள். எலும்பு வைத்தியர், விரல் பயிற்சி, கேக் வகுப்பு. அப்பாடா என்று மூச்சு வந்தது. 'கேட்டவர் வைத்தியம் தேடுகிறார், பதில் சரி' என்று முழு மார்க் போட்டாள். மற்ற இருவரும் 'ஆளைத் தேடுகிறார், பதில் தப்பு' என்று போட்டிருந்தார்கள். வாத்தியார் நேரே வந்துவிட்டார்.

"என்னம்மா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்களா? ஆளைத் தேடுறான்னு அப்பட்டமா தெரியுதே."

"இப்படிக் கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லலாமா சார்? அந்தப் பொம்பள எதுக்கு ஓடினாளோ."

"அது நம்ம வேலை இல்லம்மா. கேட்டது புரிஞ்சுதா, இல்லையா? அத மட்டும் பாருங்க."

மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அக்கா அகப்படுவாளா என்று தானே ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. கைபேசியில் கேட்டாள், கேக் வகுப்புதான் வந்தது. வார்த்தைகளை மாற்றினாள். பிறகு வீட்டில் பேசுவது போலவே அடித்தாள்: 'விரல நீட்டிக்கிட்டே கரண்டியோட பின்பக்கத்தால ரோஜா இதழ் வைக்கிற அக்கா, வர்றவங்க எல்லாரையும் கண்ணுன்னு கூப்பிடுவாங்க, எந்த பேக்கரி?'

வந்துவிட்டது. ஏதோ ஒரு சின்ன ஊர் பேக்கரியின் பக்கம். 'இங்கே ஒரு அக்கா எல்லோரையும் கண்ணு என்பார், பூ வைக்கும் அழகே தனி' என்று வாடிக்கையாளர் ஒருவர் மனசாரப் புகழ்ந்து படமும் போட்டிருந்தார். முகம் தெரியவில்லை. குட்டையாக வெட்டிய முடி, குனிந்த தலை, க்ரீமுக்கு மேலே விறைத்து நின்ற ஒரு விரல். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அழுதாள். சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை அதே கேள்வி மறுபடி வந்தது, திருத்திய பதிலோடு. முதல் வரியிலேயே அந்த பேக்கரி இருந்தது. நேற்று சின்னவள் படியில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்த அதே பக்கம். அத்தனை பாடுபட்டு வார்த்தை தேடிக் கொடுத்தவள் அவள்தான். அவனுக்கு அலைச்சலே வைக்கவில்லை. கீழே, அதே ஆள் நேற்று மாலை அடுத்ததாகக் கேட்டது:

'அங்க போக மொத பஸ் எப்போ?'

அங்கே என்றால் எங்கே என்று அது கேட்கவில்லை. பஸ் நிலையம், புறப்படும் நேரம், இறங்கும் இடத்திலிருந்து கடைக்கு வழி, எல்லாம் கொடுத்திருந்தது. மற்ற இருவரும் முழு மார்க் போட்டாகிவிட்டது. முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் இந்நேரம் பாதி வழி தாண்டியிருப்பான்.

படிக்கட்டுக்கு ஓடினாள். பேக்கரி நம்பரை அடித்தாள்.

"ஹலோ, பேக்கரி."

அக்காதான். "அக்கா, நான் சின்னவ. அந்த ஆள் அங்க வந்துக்கிட்டு இருக்கான். இப்பவே கெளம்பு, நிக்காத!"

மறுமுனையில் ஏதோ தட்டு கீழே விழுந்தது. "இந்த எடம் உனக்கே தெரியாதேடி. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தேடினேன்க்கா. உன்னைப் பாக்கணும்னு இருந்துச்சு. நீ எப்படிப் பூ வைப்ப, எப்படிப் பேசுவன்னு எல்லாம் சொன்னேன். அதுக்குப் புரிஞ்சுபோச்சு. அவனுக்கும் சொல்லிடுச்சு."

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இனிமே நான் போன் பண்ண மாட்டேன் கண்ணு. நீயும் தேடாத. உயிரோட இருக்கேனான்னுகூட அதுகிட்ட கேட்டுடாத."

அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் திரையில் புதிய கேள்வி வந்தது.

'அங்க இல்ல. அவசரமா ஓடியிருக்கா. அடுத்து எங்க போயிருப்பா?'

பதிலில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. சரியா தப்பா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அக்காவை எச்சரிக்க ஒரு நம்பரும் இல்லை.