இரண்டு என்று எழுதினேன்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிக்கு டியூட்டி முடிந்துவிட்டது. அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டியவள், ஆறாம் கட்டில் லாரிக்காரரை நினைத்தபடி டிக்கெட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

நான் நர்சிங் மாணவி. படிக்க வந்த நாட்டில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வார டிரெய்னிங். பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வார்டில் அது ஒரு பிடிகூடச் செல்லவில்லை. அங்கே யாரும் புத்தகத்தில் உள்ளபடி பேசித் தொலைப்பதில்லை. களைப்பாக இருக்கிறது என்பதற்கு ஆளுக்கு ஒரு சொல். கழிவறைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஏழு விதம். முதல் வாரம் 'என்ன சொன்னீங்க?' என்று கேட்டுக் கேட்டே சிஸ்டரின் முகச் சுளிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து பூம்பூம் மாடாகிவிட்டேன். மற்றவர்கள் சிரித்தால் சிரித்தேன், நிறுத்தினால் நிறுத்தினேன். சட்டென்று பிடித்துக்கொள்கிற பெண் என்று பெயர்கூட வந்துவிட்டது.

லாரிக்காரருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி இரண்டு நாள். வாய் ஓயாத மனுஷர். மதியம் இரண்டு மணிக்கு, வலி எவ்வளவு என்று அவரிடம் கேட்டேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எண் ஏழுக்கு மேல் போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் எண் சொல்லவில்லை. கண்ணைச் சிமிட்டிவிட்டு, தன் வயிறு நாயினுடைய காலைச் சாப்பாடு என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். நாய் தெரியும், காலை தெரியும், சாப்பாடு தெரியும். மூன்றும் சேர்ந்து ஒரு மனிதர் வயிற்றில் என்ன செய்கின்றன என்றுதான் தெரியவில்லை. சிரிக்கிறவருக்கு அப்படி என்ன வலி இருந்துவிடப் போகிறது என்று சார்ட்டில் இரண்டு என்று எழுதினேன். பல்ஸ் கொஞ்சம் அதிகம்தான். சிரித்ததால் இருக்கும் என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் போனில் தேடினேன். தாறுமாறாகக் கிடப்பதை அப்படிச் சொல்வார்களாம். சரி, தாறுமாறு என்றால் இரண்டா, ஒன்பதா? அதை எந்தப் போன் சொல்லும்? அவர் சிரித்தபோது ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

என்னோடு தங்கியிருக்கும் அக்காவும் நர்சிங்தான், எனக்கு ஒரு வருஷம் சீனியர். "ஏன்டி குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துற?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன்.

"வலிச்சா அவரே மணி அடிப்பாரு. உனக்கு இன்னும் மூணு நாள்தான் டிரெய்னிங். இப்பப் போயி பேஷன்ட் பேசினது புரியலன்னு நின்னா, மறுபடி முதல்லேருந்துதான். பேசாம டீயைக் குடி."

"அடிக்கலன்னா?"

வார்டுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பஸ் வரப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நின்று தொலைக்க வேண்டியதுதானே? கால் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போனது. என்னை நானே திட்டிக்கொண்டு மீதி தூரம் ஓடி, அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. சிஸ்டர் மருந்து வண்டியோடு நின்றிருந்தார். "உனக்கு டியூட்டி முடிஞ்சிருச்சே?"

நேராக ஆறாம் கட்டிலுக்குப் போனேன். லாரிக்காரர் முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தார். வேர்த்திருந்த அவர் முகத்தை அவர் மனைவி துடைத்துக்கொண்டிருந்தார்.

"மதியம் நீங்க சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி சிரிச்சிட்டேன். எவ்வளவு வலிக்குது? நம்பர் மட்டும் சொல்லுங்க."

"ஒன்பது," என்றார். "அப்பவே உன்கிட்ட சொன்னேனே கண்ணு. நீயும் எழுதிக்கிட்டுப் போனியே. டாக்டர் இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு பாத்துக்கிட்டே கெடக்கேன்."

மூன்று மணி நேரம். என்னை நம்பித்தான் அவர் மணி அடிக்காமல் கிடந்திருக்கிறார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டார், பலகையாக இறுகியிருந்தது. உள்ளே தையல் விட்டிருக்கலாம், இப்போதே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

சிஸ்டர் சார்ட்டை என் முன்னால் வைத்தார். "இந்த ரெண்டு யார் போட்டது?"

"நான்தான் சிஸ்டர். அவர் சொன்னது எனக்குப் புரியல."

"புரியலன்னு யார்கிட்டயாவது கேட்டியா?"

"இல்ல."

"அதை அழிக்கக் கூடாது. மேல ஒத்தைக் கோடு போடு, ரெண்டு தெரியணும். பக்கத்துல ஒன்பதுன்னு எழுது. இப்ப என்ன நேரமோ அதைப் போட்டுக் கையெழுத்துப் போடு."

போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இந்த டிரெய்னிங்ல உன்னைப் பாஸ் பண்ண என்னால முடியாது. தெரியுதில்ல?" என்றார். அதை மட்டும் படுசுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைத் தாண்டும்போது லாரிக்காரர் ஏதோ சொன்னார். அதில் ஓர் ஓடை வந்தது, துடுப்பு வந்தது. அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். என் உதடும் சிரிக்கப் பார்த்தது. கடித்துக்கொண்டு கட்டிலோடு நடந்தேன்.

"எனக்குப் புரியல. என்ன சொன்னீங்க?"

அதையே இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"பயமா இருக்கு," என்றார்.

லிஃப்ட் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.