முன்கூட்டியே போட்ட கையெழுத்து

பிப்ரவரிக் காலையில் எஃகுக் குழாயைத் தொட்டால் அது விரல்தோலைப் பிடித்துக்கொள்ளும். இருந்தும் லூத்தர் ஹெய்ன்ஸ் கையுறை போடமாட்டார். கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு நட்டின் மரை தெரியாது. ஆறு மணிச் சங்கு ஊதியதும் கார் பூட்டும் லைன் ஒரு குலுக்கலோடு நகரும். சக்கரமில்லாத இரும்புச் சட்டங்கள் சங்கிலிமேல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். லூத்தர் குழிக்குள் நின்று அண்ணாந்தபடி பிரேக் குழாயை அதன் துளையில் பொருத்தி நட்டைத் திருகுவார். மசகு சொட்டுச் சொட்டாக அவர் கழுத்துக்குள் இறங்கும். துடைக்க நேரமில்லை. அடுத்த சட்டம் தலைக்குமேல் வந்துவிடும்.

இந்த நட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரேக் குழாயின் முனையைப் புனல்போல விரித்திருப்பார்கள். அந்த விரிந்த வாயை நட்டு அழுத்திப் பிடித்துக்கொள்வதால்தான் எண்ணெய் வெளியே போவதில்லை. முதல் இரண்டு சுற்றை விரலால்தான் திருக வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் நட்டு வழுக்கிக்கொண்டு போகும். விரலுக்கே அது தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். அவசரத்தில் எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரைப் போட்டால் மரை கோணலாகப் பிடிக்கும். அப்போதும் நட்டு இறுகும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. மெதுவாக மிதித்தால் பிரேக்கும் பிடிக்கும். என்றைக்கு ஒருவன் உயிருக்குப் பயந்து ஓங்கி மிதிக்கிறானோ அன்றைக்கு எண்ணெய் பீறிட்டுப் போய்விடும். அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கிலும் பிடிப்பு இல்லை.

கோணலைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் நான். லைனின் கடைசியில், இயந்திரப் பகுதிக்குச் சோதனையாளன், லெயோ பார்டோஷ். காரில் ஏறி, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்து, பத்து எண்ண வேண்டும். மிதி அசையாமல் நின்றால் சரி. ஒரு விரற்கடை இறங்கினாலும் கார் பழுது வரிசைக்குப் போகும். பிறகு கார்டில் கையெழுத்து.

லோரிங் கார் நாட்டில் பெயர் வாங்கியதே அந்தக் கார்டால்தான். எங்கள் இண்டியானா ஊரில் லோரிங் கிழவர் முதலில் பண்ணைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தவர். 1911இல் கார் செய்ய ஆரம்பித்தபோது ஒவ்வொரு காரையும் தானே ஆற்றங்கரைவரை ஓட்டிப் பார்த்து, 'இந்தக் காரை நான் சோதித்தேன்' என்று ஒரு கார்டில் எழுதி முன்பெட்டியில் வைப்பாராம். அவர் போன பிறகும் கார்டு நின்றது. அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். இயந்திரத்துக்கு என் பெயர். வண்ணம், கதவு, இருக்கைகளுக்கு ஐரீன் டோத் என்ற பெண்ணின் பெயர்.

அதனால் கார் வாங்கியவர்கள் எங்கள் பெயருக்கே கடிதம் எழுதுவார்கள். அவற்றை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்போம். மின்னசோட்டாவில் ஒரு கால்நடை வைத்தியர் பதினேழு வருடம் ஒரே லோரிங்கில் பனிக்குள் போய் மாடுகளுக்குப் பிரசவம் பார்த்தவர். "என் மனைவி என்னோடு பேசாத நாளிலும் இது ஸ்டார்ட் ஆனது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அன்றைக்கெல்லாம் கர்வமாகத் திரிந்தேன்.

1954இல் பெரிய கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதி விலையைக் குறைத்தன. நடுவில் நசுங்கியவை எங்களைப்போன்ற சின்னக் கம்பெனிகள். மணிக்கு இருபத்தெட்டு கார் என்றிருந்த லைனை நாற்பத்தொன்று ஆக்கினார்கள். என்னோடு நின்ற இன்னொரு சோதனையாளனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு காருக்கு எனக்குக் கிடைத்தது எண்பத்தேழு விநாடி. பார்க்க வேண்டியவை இருபத்துநான்கு. பத்து எண்ணுவது ஐந்தானது, பிறகு இரண்டு. பிறகு மிதியைக் காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

கையெழுத்துக்கும் நேரமில்லாமல் போனபோது ஃபோர்மேன் வெட்ஸல்தான் வழி சொன்னார்.

"காலைல அரை மணி முன்னாடி வா. மொத்தக் கார்டுலயும் போட்டு வச்சுடு. நீ எப்படியும் போடத்தானே போற?"

போட்டேன். ஐரீனும் போட்டாள். விடிவதற்குள் முந்நூற்று இருபத்தெட்டு முறை என் பெயரை எழுதினேன். லைன் ஓட ஆரம்பிக்கும் முன்பே, இன்னும் பிறக்காத கார்களை நான் சோதித்து முடித்திருந்தேன்.

முடிந்த கார்களை லாரியில் ஏற்றும் பீட் மரெக் அதைப் பார்த்துவிட்டுக் கேலி செய்வான். "என்ன லெயோ, அடுத்த வருஷத்துக் காரையும் பாத்து முடிச்சாச்சா?" மரெக் எதிலும் சேராதவன். யூனியன் கூட்டம் என்றாலே கொட்டாவி விடுவான். நானும் சிரித்துவைப்பேன்.

1955 மார்ச் மாதத்தில் வெட்ஸல் ஏற்கெனவே பிரித்திருந்த ஒரு கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். அயோவாவிலிருந்து ஆல்மா லிண்ட்குவிஸ்ட் என்ற பெண் எழுதியது.

"அன்புள்ள மிஸ்டர் பார்டோஷ், இது எங்கள் மூன்றாவது லோரிங். மற்ற இரண்டும் எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஜனவரியில் என் கணவர் ஆர்விட் தானியக் கிடங்குச் சரிவில் இறங்கும்போது பிரேக் மிதி தரையைத் தொட்டுவிட்டது. கார் கிடங்குச் சுவரில் மோதியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் குறை சொல்ல எழுதவில்லை. தான்தான் தப்பாக மிதித்துவிட்டதாக அவர் நினைக்கிறார். பக்கத்தில் எங்கள் மகள் இருந்தாள். அவள் நெற்றியில் தழும்பு இருக்கிறது. அவள் முகத்தை அவர் பார்ப்பதேயில்லை. நீங்கள் சோதித்தபோது பிரேக் எப்படி இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு வரி எழுதுவீர்களா?"

உள்ளே கார்டும் இருந்தது. என் கையெழுத்து நன்றாக, நிதானமாக, அழகாக இருந்தது. ஓடுகிற லைனில் எவனாலும் அப்படி எழுத முடியாது.

வெட்ஸல் என்னை ஆலை மேலாளர் கிளேபோர்னின் அறைக்குக் கூட்டிப்போனார். கிளேபோர்ன் மேசைமேல் ஒரு தாளை வைத்திருந்தார். குறிப்பிட்ட காரை நான் விதிப்படி சோதித்தேன், மிதி உறுதியாக நின்றது என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

"கையெழுத்து போடுங்க பார்டோஷ். உங்களுக்குப் பழக்கம்தானே."

"அந்தக் கார் எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"ஞாபகம் இருக்கணும்னு யார் சொன்னா? கார்டுல உங்க பேர் இருக்கு."

"கார்டு காருக்கு முன்னாடியே எழுதினது. வெட்ஸலுக்குத் தெரியும்."

வெட்ஸல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஆளே தப்பா மிதிச்சேன்னு சொல்றான்," என்றார் கிளேபோர்ன். "அவன் சொல்றத நீங்க ஏன் மறுக்கணும்? இந்த விஷயம் வெளிய போனா டீலர் ஒருத்தனும் நம்ம காரைத் தொடமாட்டான். கதவ மூடிட்டுப் போக வேண்டியதுதான். நாலாயிரம் குடும்பம். அது உங்க தலைமேல வேணுமா?"

"நாற்பத்தொண்ணு ஓட்டச் சொன்னது நான் இல்லயே சார்."

"பாக்காம போட்டது நீங்கதானே?"

மறுநாள் காலைவரை அவகாசம் கொடுத்தார்.

மதியம் கம்பு ரொட்டியும் பன்றித்தொத்திறைச்சியும் பிரிக்காமல் மடியில் கிடந்தன. கடிதத்தையும் கார்டையும் லூத்தரிடம் கொடுத்தேன். குழாய் பொருத்துவதோடு எங்கள் பகுதிக்கு யூனியன் பிரதிநிதியும் அவர்தான். கறுப்பர் ஒருவரை வெள்ளையர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது அந்த ஆலையில் அதுவே முதல்முறை. அவரை அந்த இடத்திலிருந்து இறக்கக் காத்திருந்தவர்கள் நிறைய. உண்மை வெளியே வந்தால் முதலில் போவது யார் வேலை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தார்.

"இந்த நட்டு நான் போட்டது," என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்குல போடற."

"அதான் சொல்றேன். ஆயிரத்துல ஒண்ணு கோணலா போகும்னு தெரிஞ்சேதான் போட்டேன். விரல் பிடிக்கிறதுக்குள்ள ஸ்பேனர் போட்டாத்தான் அடுத்தத எட்ட முடியும். பின்னாடி நீ இருக்க, நீ பிடிச்சுடுவேன்னு நெனச்சு மனச தேத்திக்குவேன்."

"நான் முன்னாடி நீ இருக்கேன்னு நெனச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரீன் காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கார்டை எடுத்தாள். "எம் பேரும் இதுல இருக்கு பாரு. கதவு சரியா மூடுதான்னு பாத்திருந்தாலாவது அந்தப் புள்ளைக்கு நெத்தி தப்பிச்சிருக்குமோ என்னவோ. நீங்க ரெண்டு பேரும் குத்தத்த உங்களுக்குள்ளயே பங்கு போட்டுக்காதீங்க."

"வேலைய விட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்டேன்.

லூத்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "போ. நீ போனா அந்த எடத்துல இன்னொருத்தன் வருவான், அவனும் காலைல உக்காந்து முந்நூறு போடுவான். நீ வீட்ல உக்காந்து அழு. அயோவாக்காரனுக்கு அதுல என்ன கெடைக்கும்?"

"வேற என்ன செய்ய? ஸ்ட்ரைக்கா?"

"கம்பெனியோட போட்ட ஒப்பந்தம் முடியாம ஸ்ட்ரைக் கூடாது. ஆனா கார்டுல என்ன போட்டிருக்கு? 'சோதித்தேன்'. அத மட்டும் செய்வோம். நான் விரலால ரெண்டு சுத்து. நீ பத்து எண்ணு. ஐரீன் கதவு பாக்கட்டும். பாக்காத காருக்குக் கார்டு கெடையாது. கார்டு இல்லாம டீலர் எடுக்கமாட்டான். எவன் கேட்டாலும், வேல பாக்கறோம்னு சொல்லு."

"ஒன்ன முதல்ல தூக்குவானுங்க," என்றாள் ஐரீன்.

"தெரியும்," என்றார். அவர் குரல் அப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

இடைவேளை முடியும் முன்பு அந்த ஒரு வரியை எழுதினேன். நான் எழுதியதிலேயே கடினமான வரி அது. "மிஸ்டர் லிண்ட்குவிஸ்ட், நீங்கள் சரியாகத்தான் மிதித்தீர்கள். நான் உங்கள் காரை மிதித்துப் பார்க்கவே இல்லை." தபால்தலை ஒட்டி வாசல் பெட்டியில் போட்டேன். மனம் லேசாகவில்லை. ஒரு தாள் போய் ஒரு காலைத் திருப்பிக் கொடுக்காது.

மறுநாள் கார்டுக் கட்டில் ஒரு கையெழுத்தும் இல்லை. ஆறு மணிக்கு லைன் நகர்ந்தது. குழிக்குள்ளிருந்து லூத்தர் ஒரு கையை உயர்த்தி, நட்டை விரலால் திருகும் சைகை காட்டினார். அவர் பக்கம் சட்டங்கள் நெருக்கியடித்தன. முதல் கார் என்னிடம் வந்தது. ஏறி, மிதித்து, சத்தமாக எண்ணினேன். இருபத்துநான்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட நான்கு நிமிடம் ஆனது. ஏழாவது காரில் மிதி இறங்கியது. எட்டு என்று சொல்லும்போது காலுக்கடியில் அது மெல்ல, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. இப்படி எத்தனையை அனுப்பியிருப்பேன்?

எட்டு மணிக்கெல்லாம் பின்னால் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. சங்கிலியை நிறுத்த வேண்டியதாயிற்று. கிளேபோர்ன் தொப்பிகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"யார் நிறுத்தினது? ஹெய்ன்ஸ், இது உன் வேலைதானே?"

"எங்க வேலைதான் சார்," என்றார் லூத்தர். "நேத்துவரைக்கும் செய்யாம இருந்தோம்."

"பார்டோஷ், அந்தத் தாள்?"

"போடமாட்டேன் சார். அவருக்கு உண்மைய எழுதிட்டேன்."

கிளேபோர்ன் முகம் சிவந்தது. "சரி. உங்க கையெழுத்து இல்லாட்டி உலகம் நின்னுடாது." என் மேசையிலிருந்து ஒரு கார்டை எடுத்து, இரண்டு கோட்டிலும் தன் பெயரைக் கிறுக்கி, வரிசையில் நின்ற பச்சை நிறக் காரின் முன்பெட்டிக்குள் எறிந்தார். "மரெக்! இத ஏத்து."

மரெக் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்தான். லாரியில் மேல்தட்டு ஒன்று உண்டு. சரிவுப் பலகைமேல் காரை வேகமாக ஏற்ற வேண்டும், உச்சியில் ஓங்கி மிதித்து நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் வெறும் காற்றுதான். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவன் செய்கிற வேலை அது.

"லெயோ, இத மிதிச்சுப் பாத்தியா?" என்று கேட்டான்.

"இல்ல."

மரெக் சாவியைக் கையில் புரட்டினான். பிறகு அதை மரியாதையாகக் கிளேபோர்னிடம் நீட்டினான். "பாத்தது நீங்கதானே சார். நீங்களே ஏத்திடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. கிளேபோர்ன் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். சரிவுப் பலகையைப் பார்த்தார், அது முடிகிற இடத்தைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள உங்க எல்லார் பேரும் என் மேசைல இருக்கும்," என்று சொல்லிவிட்டு அலுவலகம் பக்கம் நடந்தார். வெட்ஸல் அவர் பின்னால் இரண்டடி போய், நின்றார். என்ன நினைத்தாரோ, திரும்பிவந்து பழுது வரிசைக்குப் போன காரின் அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

அன்று எத்தனை பேருக்கு வேலை போகும், கம்பெனி இன்னும் எத்தனை மாதம் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. லைனின் சத்தம் நின்றதால் அடுத்த கூடங்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வண்ணம் அடிப்பவர்கள், வார்ப்படக்காரர்கள், இருக்கை தைக்கும் பெண்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். லூத்தர் குழியிலிருந்து ஏறிவந்து, ஒரு குழாய்த் துண்டையும் நட்டையும் எடுத்துக்கொண்டார்.

"கிட்ட வாங்க," என்றார். "இது எப்படிப் பிடிக்குதுன்னு மொதல்ல பாருங்க."

பின்னால் நின்றவர்களுக்கும் தெரியட்டும் என்று முன்வரிசைக்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மரெக்கும் உட்கார்ந்தான்.