இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு நீச்சல் உடுப்புக் கட்டுரை

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வளர்ந்தோர் நீச்சல் கழகத்தின் தலைவர் நவரத்தினம் என்னைக் கொழும்பில், காலி வீதியில் மறித்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே தந்தார்: 'பொழுதுபோக்காக நீந்தும் பெரியவர்களுக்கு அதிவேகப் போட்டி உடுப்பை அனுமதிக்கலாமா?'

"ரெண்டு பக்கமும் நோகாமல் எழுதும் தம்பி. விளம்பரம் தந்த ஆக்கள் ரெண்டு பக்கத்திலயும் இருக்கினம்."

எனக்கு ஐம்பத்தொரு வயது. கழகத்தில் என்னை எல்லோரும் தம்பி என்பதற்குக் காரணம் இளமை அல்ல. நான் ஓரத்துப் பாதையில், சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நீந்துகிறவன்.

கட்டுரையின் முதல் பந்தி உடுப்புக்கு ஆதரவு. இரண்டாவது பந்தி எதிர்ப்பு. மூன்றாவது பந்தியை 'எது எவ்வாறிருப்பினும்' என்று கம்பீரமாகத் தொடங்கினேன். அதற்குப் பிறகு எழுத எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆகவே கதை எழுதுகிறேன். தெரியாததை மறைத்து வைக்கக் கதையில் இடம் அதிகம்.

2

தொடக்கம் ஒன்று: செங்கதிரோன் நீலக் கடலில் தன் பொற்கரங்களை

(கடல் இந்தக் கதையில் இல்லை. பாமன்கடைப் பக்கம் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் தடாகம்தான் உண்டு. பொற்கரங்களை எடுத்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: கனகேஸ்வரி ஒரு போராளி.

(இந்த நாட்டில் அந்தச் சொல்லை நீச்சலுக்குச் செலவழிக்கக் கூடாது.)

தொடக்கம் மூன்று: மெல்பேணிலிருந்து ஒரு பார்சல் வந்தது.

இது பரவாயில்லை. இதிலே யாருக்கும் நோகாது.

3

மெல்பேணிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவள் மகள் ஆரணி. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கனகேஸ்வரிக்கு அறுபத்திரண்டு வயது. அவர் பார்சலைப் பிரித்தபோது உள்ளே உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு துணி மடிந்து கிடந்தது. தோளிலிருந்து முழங்கால் வரை மூடும் போட்டி உடுப்பு என்று பெட்டியில் படம் போட்டிருந்தார்கள். பேத்திக்கு வாங்கியது மாறி வந்துவிட்டது என்று நினைத்து உடனே மகளை அழைத்தார்.

"அம்மா, அது உங்கடதான். அப்பிடித்தான் இறுக்கமா இருக்கும். தண்ணி ஒட்டாது, உடம்பைத் தூக்கிக் குடுக்கும். ரெண்டு செக்கனாவது குறையும்," என்றாள் ஆரணி.

இரண்டு செக்கன் என்றதும் கனகேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டார். ஏனென்று சொல்கிறேன். தடாக வாசலில் கழகத்தின் பலகை ஒன்று தொங்குகிறது. ஐம்பது மீற்றரை ஒரு நிமிடத்துக்குள் நீந்தியவர்களின் பெயரை வயதுப் பிரிவுப்படி அதில் எழுதுவோம். 'அறுபது தாண்டிய பெண்கள்' என்ற தலைப்பின் கீழே இன்றுவரை வெறும் பலகைதான். அந்த இடத்தைக் கனகேஸ்வரி இரண்டு செக்கனால் தவறவிட்டுக்கொண்டிருக்கிறார். பாடுபட்டுப் பயிற்சி செய்து ஒரு செக்கனைக் குறைத்தால் அடுத்த வருடம் வயது அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

"பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில நான் குளுக்கோஸ் குடுக்கிற ஆள்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒருக்காலும் ஓடினதில்லை. முழங்கால் வருத்தத்துக்கு டொக்டர் சொல்லித்தான் தண்ணிக்குள்ள இறங்கினனான். அங்கதான் முதல்முதல் ஒருத்தியை முந்தினனான் தம்பி. அந்தச் சந்தோசம் உமக்கு விளங்காது. நீர் ஒருத்தரையும் முந்தினதில்லைத்தானே."

(இந்த வசனத்தைச் சுருக்கலாமா என்று யோசித்தேன். கடைசி வரியைத்தான் சுருக்க மனம் வந்தது. ஆகவே முழுதாக விட்டிருக்கிறேன்.)

அவர் முந்திய அந்த ஒருத்தி பைறோஸா. பக்கத்து ஒழுங்கையில் குடியிருப்பவர், அவரைவிட ஐந்து வயது இளையவர், வருடக்கணக்காகக் கனகேஸ்வரியோடு ஒரே ஓட்டோவில் தடாகத்துக்குப் போய் வருகிறவர். புது உடுப்பு முழங்காலோடு நின்று மேலே ஏற மறுத்தபோது கனகேஸ்வரி கூப்பிட்டதும் அவரைத்தான்.

கால் உடுப்புக்குள் வழுக்கிப் போவதற்குப் பாதத்தில் ஷொப்பிங் பையைப் போட வேண்டும் என்று ஆரணி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அப்படியே போட்டார்கள். பைறோஸா கட்டிலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இடியப்ப உரலுக்குள் மாவை அடைக்கிற மாதிரி, சாண் சாணாக ஏற்றினார்.

"மூச்ச உள்ளுக்கு எடுங்க அக்கா."

"எடுத்திட்டன். இனி எடுக்க இடமில்லை."

"அப்ப கதைக்காம நில்லுங்க."

உடுப்பு இடுப்பைத் தாண்டியபோது இருவரும் சிரித்துக் கட்டிலில் விழுந்தார்கள். விழுந்ததில் அது திரும்பவும் கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் தரம் ஏற்றி முடித்தபோது இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

4

முதல் பிரதியில் பைறோஸா ஒரு பொறாமைக்காரி. கதைக்கு ஒரு வில்லி வேண்டும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் வியர்வையைத் துடைத்தபடியே அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"அக்கா, இந்த உடுப்ப விடுறதாண்டு கமிட்டியில கேக்கக்குள்ள நான் எதிராத்தான் கை தூக்குவேன்."

"இவ்வளவு நேரமும் இழுத்துப்போட்டோ?"

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். அது வேற." பைறோஸா நீந்துவது கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய தளர்ந்த உடுப்பில். "என்ட உடுப்பு தண்ணியக் குடிச்சுப் பாரமாகும். நான் பிந்துற. அது நான் தெரிஞ்சு எடுத்த முடிவு. எனக்கு ரெண்டு செக்கன் குறைச்சுப் போடுங்கண்டு ஆர்ட்டயும் செல்லல்ல. நீங்க உடுப்பால முந்தப் போறீங்க. அப்ப பலகையில ஆர்ட பேர எழுதுற?"

"நவரத்தினம் ஐயா தலைக்கு மை பூசிக்கொண்டுதானே வாறார். அவரை ஆரும் தடுத்தவையோ?"

"மையால அவர் வேகமா நீந்துறாரா?"

"இல்லை. ஆனா வயசைக் குறைச்சுக் காட்டுறார். எனக்கும் அதுதான் வேணும். வயசு பறிச்சதை இந்த உடுப்பு திருப்பித் தருது. அதில என்ன களவு?"

இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முடியவில்லை. இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. வில்லியை வெட்டினேன். விறுவிறுப்பு குறைந்ததற்கு வாசகர் மன்னிக்க.

(ஓர் இடைக்குறிப்பு. நான் கண்ணாடி போட்டுத்தான் எழுதுகிறேன். சந்திப் பிழையைக் கணினி திருத்துகிறது. மிச்சத்தை மனைவி திருத்துகிறார். அந்த வரிகள் யாருடையவை என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. வாசிப்பவர்கள் குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம்.)

5

கூட்டம் நவரத்தினத்தின் வீட்டில், வடையுடன் நடந்தது. முழு உடலையும் மூடும் வேக உடுப்பை உலகப் போட்டிகளிலேயே எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்றார் ஒருவர். முழங்கால் வரையானதை இன்னும் விடுகிறார்கள் என்றார் இன்னொருவர். உலகப் போட்டிக்காரருக்கு அது பிழைப்பு, நமக்கு என்ன கேடு என்று மூன்றாமவர் கேட்டார். பலகையில் பெயருக்குப் பக்கத்தில் 'உடுப்புடன்' என்று எழுதிவிடலாம் என்று ஒரு சமாதானமும் வந்தது. மற்ற எல்லோரும் எப்படி நீந்தினார்கள் என்று வாசலில் நிற்கிறவன் யோசிப்பானே என்று பைறோஸா கேட்டதும் அதைக் கைவிட்டார்கள்.

வாக்குகள் சரிசமமாக வந்தன. கை தூக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். கட்டுரை எழுதுகிறவன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு இரண்டு பெண்களிடமும் பயம். கடைசியில் நவரத்தினம் தலைவருக்குரிய தீர்ப்பு வாக்கைப் போட்டார்: அறுபது தாண்டியவர்களுக்கு இந்த வருடக் கழகப் போட்டியில் உடுப்பு உண்டு.

பைறோஸா எழுந்து கைப்பையை எடுத்தார். "சந்தோசம் அக்கா. வெண்டுட்டீங்க," என்றார். வடையைத் தொடவில்லை. அதன் பிறகு அவர் தடாகத்துக்குத் தனி ஓட்டோவில், வேறு நேரத்தில் வரத் தொடங்கினார்.

6

கதைக்கு முடிவுகளை எழுதி எழுதிக் கனகேஸ்வரிக்கு அனுப்பினேன்.

முதலாவதில், அவர் தண்ணீருக்குள் பாயும்போது உடுப்பு கிழிகிறது. சிரிப்பு வரும் என்று நினைத்தேன். தொலைபேசிதான் வந்தது. "சனத்துக்கு முன்னால என்ர உடுப்பைக் கிழிக்கிறதுக்கோ தம்பி நீர் எழுத வெளிக்கிட்டனீர்?"

இரண்டாவதில், கடைசி நிமிடத்தில் அவர் புது உடுப்பை எறிந்துவிட்டுப் பழையதிலேயே நீந்தி ஒரு நிமிடத்தை உடைக்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். "இது சினிமா. பழையதில எனக்கு ஏலாது. ஏலும் எண்டால் இவ்வளவு வருசமும் ஏன் ஏலாமல் கிடந்தனான்?"

மூன்றாவதில், போட்டி நாளன்று பைறோஸா உடை மாற்றும் அறைக்கு ஓடி வருகிறார். இதை வாசித்துவிட்டுக் கனகேஸ்வரி என்னை அழைத்தார்.

"அவ வருவாவோ தம்பி?"

"கதையிலயோ?"

"கதையை விடும்." குரல் இறங்கிவிட்டது. "தனிய ஏத்திப் பார்த்தனான். முழங்காலைத் தாண்டேல்லை. வேற ஆரையும் கூப்பிட வெக்கமாக் கிடக்கு. என்ர வயித்தைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டு அதை வெளியில சொல்லாத ஆள் அவ ஒருத்திதான்."

"அப்ப கேட்டுப் பாருங்கோவன் அக்கா."

"வென்றது நான். வென்ற ஆள் எப்பிடிப் போய்க் கேக்கிறது?"

எனக்குத் தாங்கவில்லை. கணினியைத் திறந்து

அப்போது பைறோஸா கதவைத்

என்று எழுதி நிறுத்தினேன். இந்த வரியை முடிக்க எனக்குத் தெரியும், இரண்டு நிமிட வேலை. ஆனால் கமிட்டியில் தூக்காத கையை வைத்துக்கொண்டு இன்னொருவரின் கையால் கதவைத் திறப்பிப்பது எனக்கே கூச்சமாக இருந்தது.

(நவரத்தினம் இதுவரை வாசித்துவிட்டு மையை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. மலர் வந்த பிறகு நான் கழகத்தில் இருப்பேனா என்று தெரியாது.)

7

மலர் இன்று அச்சுக்குப் போகிறது. போட்டி நாளன்று வாசலில் கொடுப்பார்கள். ஆகவே இதை வாசிக்கிற நீங்கள் தடாகத்தோரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறீர்கள். ஒலிபெருக்கியில் நவரத்தினம் எதையோ நீளமாகப் பேசிக்கொண்டிருப்பார். கனகேஸ்வரி உடை மாற்றும் அறைக்குள் போயிருப்பார். கதவு இடப்பக்கம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பலகையில் பெயர் எழுதுவது நியாயமா என்றும் தெரியாது. 'எது எவ்வாறிருப்பினும்' என்பதற்கு அடுத்த வரி இன்றுவரை வரவில்லை.

பைறோஸா, நீங்களும் ஒரு மலர் வாங்கியிருப்பீர்கள். எதையும் ஓர் எழுத்து விடாமல் முழுதாக வாசிக்கிறவர் நீங்கள், இந்த வரி வரை வந்திருப்பீர்கள். உங்கள் வாக்கை மாற்றச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அக்காவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அவர் இப்போது உள்ளே தனியாக, பாதத்தில் ஷொப்பிங் பையோடு, முழங்காலில் சிக்கிய உடுப்போடு நிற்கிறார். கூப்பிட மாட்டார்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வரிசையில் ஒரு பெண் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழும்பினால், தயவுசெய்து காலை மடக்கி வழி விடுங்கள்.