மருதாணிக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. ஒளியைச் செலுத்தி, ரத்தம் எழுப்பும் சத்தத்தைக் கேட்டு வரைந்த படம். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானும் முதலில் நம்பவில்லை. லேசர் ஒளி தோலுக்குள் போகிறது. ரத்தம் அதைக் குடித்து லேசாகச் சூடாகி, கண்ணுக்கே தெரியாத அளவு விரிகிறது. விரியும்போது காதுக்கு எட்டாத ஓர் ஒலி. அதைக் கருவி கேட்டு, ரத்தக் குழாய்களைத் திரையில் கிளை கிளையாகப் போட்டுக் காட்டுகிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை.

முதல் வரியாக நான் எழுதி வைத்திருந்தது: "உடலுக்குள் ஓர் இசை ஓடிக்கொண்டிருக்—"

வேண்டாம். அது இசை இல்லை. சூடு பட்டு விரிகிற சத்தம்.

2

மெர்சி, வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவியை ஓட்டுகிறவள். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அம்மா சவுரியம்மாள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில், தோலின் ஓரத்தை மடித்து ஒட்டிச் சுத்தியால் தட்டுகிறவள். கொஞ்ச நாளாக அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறது. அங்கே ரத்தம் போகிறதா, இல்லையா? மெர்சிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். போகவில்லை என்றால் அம்மா சுத்தியைக் கீழே வைத்தாக வேண்டும்.

3

மெர்சி பள்ளியில் படித்த நாட்களில், மாதனூர் ரோட்டோரம் சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பெண்கள் சிரிக்கிற சத்தம் பஸ்ஸுக்கு முன்னாடியே வந்துவிடும். சவுரியம்மாள் இறங்கி, சின்னப் பெண் மெர்சியின் கன்னத்தில் கை வைப்பாள். நாளெல்லாம் தட்டிய கை, கொதிக்கும். ஒட்டுப் பசை வாசனை அடிக்கும். மழைக்காலத்தில் அந்தச் சூட்டுக்காகவே மெர்சி சீக்கிரம் போய் நிற்பாள்.

பக்கத்து சீட்டு அஃப்ரோஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டுவாள். "அது உன்ன தேடி வர்ல சவுரி, உன் டிபன் பாக்ஸ தேடி வந்திருக்குது."

அதுவும் பொய் இல்லை. டிபன் பாக்ஸில் எப்போதும் ஏதாவது மிச்சம் இருக்கும்.*

* அம்மா கையிலிருந்து உடுப்பில் ஒட்டிய அதே பசை வாசனைக்காகத்தான் பள்ளியில் மெர்சியைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். ஏக்கத்தோடு எழுதும்போது இதை விட்டுவிடத் தோன்றுகிறது. விட மாட்டேன்.

4

மெர்சி போனில் சொன்னது இதுதான்: "உன் கைய படம் எடுக்கணும்மா, லீவு போட்டு வா."

கையைப் படம் எடுப்பது கம்பெனியில் யாருக்கு நடந்திருக்கிறது? அஃப்ரோஸ் விடவில்லை. முந்தின நாள் வேலை முடிந்ததும் சவுரியம்மாளைத் தன் வீட்டில் உட்கார வைத்து, உள்ளங்கை நிறையக் கொடியும் பூவுமாக, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி போட்டு மருதாணி வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா இது?" மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மெர்சி கேட்டாள்.

"படம்னு சொன்னியேடி. காய்ச்சுப் போன கைய அப்டியேவா நீட்டறது? நாலு பேர் பாக்கற எடம்."

"உள்ள இருக்கற ரத்தத்ததாம்மா எடுப்பாங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மருதாணிக் கறையும் அந்தக் கருவியின் பச்சை ஒளியைக் குடிக்கிறது. ரத்தத்தைவிட உரக்கக் கத்தியது. திரை முழுக்க அஃப்ரோஸ் போட்ட பூக்கள். ரத்தக் குழாய் ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவர் ராமமூர்த்தி எட்டிப் பார்த்தார். "சர்ஃபேஸ் ஆர்ட்டிஃபேக்ட். எக்ஸ்க்ளூட் பண்ணிடு." மேல்தோல் கறை கெடுத்த படம், கணக்கில் சேர்க்காதே என்று அர்த்தம்.

"எங்கம்மா சார்."

"யாரா இருந்தாலும் டேட்டா டேட்டாதாம்மா."

அவர் போனதும் சவுரியம்மாள் கேட்டாள்: "இன்னா சொல்றாரு? நல்லாருக்குன்றாரா?"

(ராமமூர்த்தியை வில்லனாக்கப் பார்த்தேன். ஆய்வு முறைப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.)

5

தோலின் மேலிருந்து கிளம்பும் ஒலி கருவிக்கு முதலில் வந்துசேரும். ஆழத்திலிருந்து வருவது கொஞ்சம் பின்னால். முதலில் வந்ததை வெட்டி எறிந்தால், கீழே இருப்பது மங்கலாகவாவது தெரியும். மெர்சிக்கு அது தெரியும். மவுஸ் அவள் கையில்தான் இருக்கிறது.

(பூக்கள் போய்விடுமே என்று தயங்கினாள் என எழுதினேன். பொய். படத்துக்கு நகல் இருக்கிறது. அவள் பயம் பூவைப் பற்றியது இல்லை.)

கதைக்கு ஒரு முடிவு: விரல் நுனிவரை குழாய்கள் கிளை விட்டிருக்கின்றன. இது நான் ஆசைப்படுவது.

இன்னொன்று: நுனி இருட்டு. சவுரியம்மாள் வேலையிலிருந்து நின்றுவிடுகிறாள். மறுநாள் சாயங்காலம் அஃப்ரோஸ் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்—

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

"இல்லன்னு வந்தா நின்னுடணுமா?" சவுரியம்மாள் கேட்டாள்.

"நின்னுடணும்மா."

"அந்த பஸ்ஸு இல்லாம சாயங்காலத்த இன்னாடி பண்றது நானு?"

மெர்சி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

சவுரியம்மாள் திரையிலிருந்த பூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்க்காமலே சொன்னாள்: "சரி, பாத்துடு."

மெர்சி மவுஸை அழுத்தி, முதலில் வந்த ஒலியை வெட்டிவிட்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை. சவுரியம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. என்ன தெரிகிறதோ, அதை எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தம்மாவிடம் சொல்லுங்கள். அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள்.