பச்சைக் கோட்டில் நின்ற முள்

என் சலவைக்கூடம் இருக்கும் ஊர், நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும். ஐந்து வருஷமாக நான்கு கேமராவையும் ஒரு போனையும் வைத்து அதை நடத்துகிறேன். அங்கே என் அக்காதான் பொறுப்பு. ஆனாலும் என்னைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

அன்று காலை ஒன்பதேகாலுக்குக் கேமராவில் பார்த்தால், இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. ஆஸ்பத்திரித் துணி முந்நூறு உருப்படி பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும். இன்னொரு தடவை பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர் அதிகாரி போன மாதமே கறாராகச் சொல்லியிருந்தார். எங்களுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவர்களுடையது.

"ஏன்க்கா நிறுத்தினே?" என்றேன் போனில்.

"பாய்லர் சரியில்லடா. அணைச்சுட்டேன். மெக்கானிக் மூணு மணிக்குத்தான் வருவாராம்."

"யாரைக் கேட்டு அணைச்சே?"

"நீ போனை எடுக்கிறதுக்குள்ள நாங்க மேல போயிருப்போம்."

பாய்லர் அறைப் படத்தைப் பெரிதாக்கினேன். ஆவியின் அழுத்தம் காட்டும் முள், ஆபத்தில்லை என்று சொல்லும் பச்சைக் கோட்டில் ஒழுங்காக நின்றது.

"முள் பச்சையிலதானே நிக்குது?"

"குழாய் அதிருது, இஸ்திரி உருளைகிட்ட சூட்டுல நிக்க முடியல. முள் மட்டும் பச்சையிலயே நிக்குது. அதான்டா பயமே."

போனை இஸ்திரிக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அண்ணே, பாய்லரைப் போடுங்க. நான் பொறுப்பு."

"பொறுப்பு நீங்க, சரி தம்பி. பக்கத்துல நிக்கிறது நானாச்சே."

"போடுங்கண்ணே."

அவர் போனும் கையுமாகத் தயங்கித் தயங்கி நடந்தார். அக்கா பாய்லர் அறை வாசலை மறித்துக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய், முற்றத்தைப் பாரு. அரை மணி நேரமா ஆவியைத் திறந்து விட்டிருக்கேன்."

முற்றத்துக் குழாயில் ஆவி இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் விழுந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல. இப்ப முள்ளைப் பாரு."

அதே பச்சைக் கோடு. ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. முள் சிக்கிக்கொண்டிருந்தது; காலையில் உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறியிருந்தது என்று அது காட்டவே இல்லை.

"அண்ணே, நில்லுங்க. போட வேண்டாம்."

"நான் எங்க போறேன் தம்பி, உங்கக்கா வழி விட்டாத்தானே."

ஸ்டோர் அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"பன்னிரண்டுக்கு முடியாது சார்."

"பின்னே எப்போ?"

நான்கு மணி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை உருப்படி முடிந்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"என் அக்காதான் அங்க நிக்கிறாங்க. அவங்க சொல்றதுதான் நேரம். நம்பர் தர்றேன், பேசுங்க சார்."

"முதலாளி நீங்களா அவங்களா?"

"இனிமே முடிவு அவங்களோடது சார்."

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

கால் மணி நேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். "நேத்து முடிஞ்ச நூறு இப்ப போகுது. மீதி ஆறு மணிக்கு. நல்லாத் திட்டிட்டு ஒத்துக்கிட்டார்."

"நான் என்ன செய்யணும்?"

"உன் ஆபீஸ் வேலையைப் பாருடா."